எல்லாரும் போடுற பத்திரம்

எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் தினமும் காலையில் தன் வீட்டுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறார். தோட்டத்துக்கு இல்லை, வீட்டுக்கு. சுவரை ஒட்டி நாலு பக்கமும் பொட்டுப் பொட்டாய் ஓட்டை போட்ட கருப்பு ரப்பர் குழாயைப் படுக்க வைத்து, தண்ணீரைத் திறந்துவிட்டு, காபிக் கோப்பையோடு நின்று பார்த்துக்கொண்டிருப்பார். டெக்சாஸுக்கு வந்த புதிதில், டாலஸுக்குத் தெற்கே இந்த ஊரில் குடியேறிய முதல் கோடையில், எனக்கு இது பிடிபடவே இல்லை. ஒருநாள் வேலியோரம் நின்று, "அங்கே என்ன முளைக்கும்?" என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "எதுவும் முளைக்காது என்றுதான் நம்புகிறேன்" என்றார். அவர் கேலி செய்கிறார் என்று நான் நினைத்தேன். நான் கேலி செய்கிறேன் என்று அவர் நினைத்திருக்கிறார். பிறகு என் கணவர்தான் விசாரித்து வந்து சொன்னார். இந்த ஊர் மண் கோடையில் சுருங்குமாம், மழையில் உப்புமாம். சுருங்கும்போது அடித்தளம் இறங்கிச் சுவர் விரிந்துவிடும் என்பதால் அடிமண் காயாமல் பார்த்துக்கொள்கிறார்களாம். நான் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புல்தரை ஓரத்தில் விரலால் தோண்டிப் பார்த்தேன். கரிசல். அசல் எங்கள் ஊர் நாகலாபுரத்துக் கரிசல். அடப்பாவமே, இந்த மண்ணை விட்டுத் தப்பிக்கத்தானே விழுந்து விழுந்து படித்தேன், விமானம் ஏறினேன் என்று அன்றைக்குச் சிரித்தேன். இப்போது சிரிப்பு வருவதில்லை.

ஊரில் இருக்கிற உங்களுக்கும், என்னைப் போல வெளியே வந்து கிடக்கிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். கோபத்தில்தான் எழுதுகிறேன், மறைக்கப் போவதில்லை. யார் மேல் கோபம் என்று கேட்டால், அது இடம் மாறிக்கொண்டே இருந்தது. இப்போது ஓரிடத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது. அது எங்கே என்பதைப் படித்துக்கொண்டே வாருங்கள்.

சுவர் விரிந்த வீடுகளை வைத்து இங்கே ஒரு தொழில் நடக்கிறது. நான் வேலை பார்ப்பது அதில்தான். எங்கள் அலுவலகத்து முதலாளி பெயர் ப்ராண்டன். என்னைவிடப் பத்து வயது சின்னவர், பல் வெள்ளை வெளேரென்று இருக்கும், யாரைப் பார்த்தாலும் நெடுநாள் பழகியவர் மாதிரி பேசுவார். விரிசல் விட்ட வீட்டில் தனியாக இருக்கும் வயதானவர்களுக்கு, கையால் எழுதியது போலவே அச்சடித்த மஞ்சள் கடிதம் எங்களிடமிருந்து போகும். "உங்கள் வீட்டை இருக்கிறபடியே வாங்கிக்கொள்கிறோம், பழுது பார்க்க வேண்டாம், தரகு கிடையாது." அவர்கள் கூப்பிட்டால் ப்ராண்டன் போய்ச் சமையலறை மேசையில் உட்கார்ந்து, நாயின் பெயரைக் கேட்டு, அதன் தலையைத் தடவிக் கொடுத்து, விற்பனை ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிவிடுவார். ஆனால் அவர் அந்த வீட்டை வாங்கமாட்டார். நான் பார்க்க ஒரு வீட்டைக்கூட வாங்கியதில்லை. வாங்குகிறேன் என்று எழுதிய அந்த ஒப்பந்தத்தையே, வீடுகளை வாங்கிக் குவிக்கும் ஏதாவது ஒரு கம்பெனிக்குக் கூடுதல் விலை வைத்துக் கைமாற்றிவிட்டு நகர்ந்துவிடுவார். இதற்கு இங்கே ஹோல்சேலிங் என்று பெயர். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் சிமெண்ட், ஓடு ஏதோ மொத்த வியாபாரம் செய்கிறார்கள் போலிருக்கிறது என்றுதான் நினைத்துக்கொண்டு போனேன்.

அதில் என் வேலை படிவம் நிரப்புவது. இந்த மாநிலத்தில் வீடு விற்கவும் வாங்கவும் எல்லாரும் பயன்படுத்தும் ஓர் அச்சுப் படிவம் உண்டு. பல பக்கம், பொடி எழுத்து, நடுநடுவே நிரப்புவதற்குக் கட்டங்கள். ப்ராண்டன் சொந்தமாக ஒப்பந்தம் எழுதவே மாட்டார். எழுதினால் ஆட்கள் மிரள்வார்கள், வக்கீலிடம் கொண்டுபோய்க் காட்டுவார்கள். கண்ணுக்குப் பழகிய படிவம் என்றால் பயம் போய்விடும். வாங்குபவர் பெயர் எழுதும் கட்டத்தில் மட்டும் அவர் பெயருக்குப் பின்னால் 'அண்ட் ஆர் அசைன்ஸ்' என்று நான் தட்டச்சு செய்வேன். ப்ராண்டன், அல்லது ப்ராண்டன் கைகாட்டும் யாரோ ஒருவர் என்று அதற்கு அர்த்தம். மொத்தத் தொழிலும் அந்த மூன்று சொல்லில்தான் நிற்கிறது. யாராவது அதை விரலால் தொட்டு இது என்ன என்று கேட்டால் சொல்வதற்கு எனக்கு ஒரு பதில் கற்றுக் கொடுத்திருந்தார்: "இது வழக்கமானது, எல்லாரும் போடுவதுதான்." அது பொய் இல்லை. பொய் சொல்லாமல் பிழைக்கிறோம் என்று அதில் எனக்கு ஒரு சின்னப் பெருமைகூட இருந்தது. எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேனோ, காலை வணக்கம் மாதிரி நாக்குக்குப் பழகிவிட்டது.

இந்தக் கோடைத் தொடக்கத்தில் கோவில்பட்டியிலிருந்து என் தம்பி செந்தில் வாட்ஸ்அப்பில் மூன்று பக்கம் படம் பிடித்து அனுப்பினான். அவன் அங்கே பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் செல்போன் கடை வைத்திருக்கிறான். எங்கள் ஊர்ப் பக்கம் சோலார் கம்பெனிகள் நிலம் தேடுவது உங்களுக்குத் தெரிந்ததுதான். விளாத்திகுளத்திலிருந்து நாகலாபுரம் வரைக்கும் டீக்கடைக்கு டீக்கடை தரகர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். எங்கள் ஆறு ஏக்கர் கரிசல் காட்டைக் கேட்டு வந்தவர் கனகராஜ் அண்ணாச்சி. அவர் கொடுத்த கிரைய ஒப்பந்தம்தான் அந்த மூன்று பக்கம். தம்பி போனில் சொன்னான்: "யக்கா, நீ அங்கன இதே வேலதான பாக்க. ஒருக்கா வாசிச்சுச் சொல்லு. அப்பா கையெழுத்துப் போடணும்."

எனக்கு அது காலை நேரம், பிள்ளைகளுக்கு டிபன் கட்டிக்கொண்டிருந்தேன். ஒரு கையில் தோசைக் கரண்டி, ஒரு கையில் போன். இரண்டாம் பத்தியிலேயே கண்ணில் பட்டுவிட்டது: 'தாங்கள் கோரும்போது தங்கள் பெயருக்கோ அல்லது தாங்கள் சுட்டிக்காட்டும் நபர் பெயருக்கோ கிரையம் எழுதிக்கொடுக்கச் சம்மதிக்கிறேன்.' அட, நம்ம அண்ட் ஆர் அசைன்ஸ்! அயலூர் சந்தையில் சொந்தக்காரரைப் பார்த்தது போல இருந்தது எனக்கு. தம்பிக்குப் பாடமே நடத்திவிட்டேன். கனகராஜ் அண்ணாச்சி வாங்கமாட்டார், கம்பெனிக்குக் கைமாற்றுவார், உலகம் முழுக்க இப்படித்தான் என்று. அவன் கேட்டான்: "அது தெரிஞ்சதுதானக்கா. நமக்கு ஒண்ணும் பாதகமில்லையே?" நான் சொன்னேன்: "பாதகம் ஒண்ணுமில்லலே. எல்லாரும் போடுறதுதான். போடச் சொல்லு." மிச்சம் இரண்டு பக்கத்தையும் விரலால் தள்ளிவிட்டுத் தோசையைத் திருப்பிப் போட்டேன்.

ஆனால் அப்பா போடவில்லை. எங்கள் அப்பாவுக்கு ஒன்று பிடிக்கவில்லை என்றால் காரணம் சொல்லமாட்டார், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விடுவார். இந்த முறை மட்டும் காரணம் சொன்னார். "வாங்குதவிய வரட்டும். நாலு மாலும் நடக்கட்டும். பொறவு போடுதேன்."

எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு இது விளங்கும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மால் என்றால் எல்லை. கரிசலில் வரப்பு நிற்காது. மழைக்கு உப்பி, வெயிலுக்கு வெடித்து, இரண்டு வருஷத்தில் தடம் தெரியாமல் போய்விடும். அதனால் காடு கைமாறும்போது, பத்திரம் பதிவதற்கு முன்னால், விற்பவரும் வாங்குபவரும் சேர்ந்து நாலு எல்லையும் நடப்பார்கள். அந்தந்தப் பக்கத்து நிலத்துக்காரர் அங்கங்கே வந்து நிற்பார். இந்த மஞ்சணத்தி மரத்திலிருந்து அந்தக் கல்லு வரைக்கும், மழைத் தண்ணி இப்படி இறங்கும், இந்த வண்டித்தடத்தில் இன்னாருக்குப் போக்குவரத்து உண்டு என்று விற்பவர் வாய்விட்டுச் சொல்வார். வாங்குபவர் "சரி" என்பார். அவ்வளவுதான் சடங்கு. அப்பா எங்கள் காட்டில் பாதியை வாங்கியபோது நான் மூன்றாம் வகுப்பு. கூடவே நடந்தேன், காலில் உடைமுள் ஏறிவிட்டது, யாரும் நிற்கவில்லை. முள்ளோடேயே நாலாவது மால் வரைக்கும் நொண்டிக்கொண்டு போனது நினைவிருக்கிறது. அன்றைக்குச் சொன்னது எதுவும் பத்திரத்தில் ஏறவில்லை. ஏற்றவேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை.

நிலம் கிடக்கும் வரிசையையும் சொல்லிவிடுகிறேன், இதில்தான் எல்லாம் இருக்கிறது. தார் ரோட்டை ஒட்டி அய்யாத்துரை மாமா காடு. அதற்குப் பின்னால் எங்கள் காடு. எங்களுக்கும் பின்னால், ஓடைக்கரையில், பேச்சியம்மா சித்தியின் நாலு ஏக்கர். என் சித்தப்பா செத்துப் பன்னிரண்டு வருஷமாக, சித்தி தனியாளாக அதில் மிளகாயும் உளுந்தும் போட்டு வயிற்றைக் கழுவுகிறார். ரோட்டிலிருந்து ஒரே ஒரு வண்டித்தடம், அய்யாத்துரை மாமா காட்டின் ஓரமாக வந்து, எங்கள் காட்டின் ஓரமாகப் போய், சித்தி காட்டில் முடியும். உழவுக்கு டிராக்டர் போவதும், வத்தல் மூட்டை வெளியே வருவதும் அதில்தான். வேறு வழி கிடையாது. அந்தப் பக்கம் ஓடை, பள்ளம், கருவேலம் புதர்.

இதெல்லாம் எனக்குத் தெரியாதா? நான் பிறந்த ஊர். ஆனாலும் அப்பாவைப் போனில் பிடித்துக் கத்தினேன். தம்பி சொல்லச் சொல்லி, அவனுக்கு அவசரம்.

"அப்பா, வாங்குறது கம்பெனி. கம்பெனிக்கு என்ன காலா இருக்கு, வந்து நடக்க?"

"கால் இல்லாதவனுக்கு எதுக்கும்மா காடு?"

"வெளங்காம பேசாதீயப்பா. இந்தக் காலத்துல யாரு நடக்கா? நான் இங்கன தெனமும் இதத்தான் பாக்கேன். பேப்பர்ல எல்லாம் இருக்கு."

"பேப்பர்ல இருக்கட்டும்" என்றார். போனைத் தம்பியிடம் கொடுத்துவிட்டார். எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி மாளாது. ஊரில் இருக்கிறவர்கள் மாறவே மாட்டார்கள் என்று என் கணவரிடம் அன்று முழுக்கப் புலம்பினேன்.

அதே வாரம்தான் டோரிஸின் வீட்டுக்குப் போனோம். டோரிஸுக்கு எண்பது வயது இருக்கும். கணவர் இறந்துவிட்டார், மகள் இருக்கும் ஊருக்குப் போகிறார். வரவேற்பறைச் சுவரில் மூலையிலிருந்து மூலைக்கு விரிசல். ப்ராண்டன் என்னையும் அழைத்துப் போயிருந்தார். பெண் ஒருத்தி கூட வந்தால் வயதான பெண்கள் இறுக்கம் தளர்ந்து பேசுவார்கள் என்பது அவர் எண்ணம். நான் படிவத்தை மேசையில் விரித்தபடி, சும்மா பேச்சுக்கு, நாங்களும் இந்த ஊரில் வீடு வாங்கியிருக்கிறோம், அப்பாவுக்கு வீடியோவில் காட்டினேன், அவருக்கு ரொம்ப சந்தோஷம் என்றேன். நான் சொன்னது போன வருஷம் நாங்கள் வாங்கிய வீட்டை, ஆனால் எந்த வீடு என்று வாய்விட்டுச் சொல்லவில்லை. டோரிஸின் முகம் மலர்ந்துவிட்டது. எத்தனை பிள்ளைகள் என்றார். இரண்டு என்றேன். பின்பக்கத்துப் பெக்கான் மரத்தில் தாழ்வான கிளை ஒன்று இருக்கிறது, ஊஞ்சல் கட்டலாம் என்றார். தண்ணீர்க் குழாயை மூடும் திருகு எங்கே புதைந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, நீ குடிவரும் அன்றைக்கு நானே வந்து சுற்றிக் காட்டி, அக்கம்பக்கத்தாரிடமும் சொல்லிவிட்டுப் போகிறேன் என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது, வீட்டை நான் வாங்குகிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். வாயைத் திறந்தேன். மேசைக்கு அடியில் ப்ராண்டனின் ஷூ என் காலை லேசாகத் தட்டியது. மூடிக்கொண்டேன். டோரிஸ் பொடி எழுத்தில் விரலை ஓட்டிக்கொண்டு வந்து என் மூன்று சொல்லில் நிறுத்தினார். "இது என்ன கண்ணு?" நான் சொன்னேன், வழக்கமானது, எல்லாரும் போடுவதுதான் என்று. கையெழுத்துப் போட்டார். கிளம்பும்போது வினிகரில் ஊறவைத்த வெண்டைக்காய் ஒரு பாட்டில் கொடுத்தார், உன் பிள்ளைகளுக்கு என்று. வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஒரு மாதம் கழித்து அலுவலகத்துக்குப் போன் வந்தது, இந்தியப் பெண் வேண்டும் என்று. டோரிஸ்தான். சொன்னது போலவே சுற்றிக் காட்டுவதற்காக, மகளைக் காரோட்டச் சொல்லி அத்தனை தூரம் வந்திருக்கிறார். வாசலில் குப்பை லாரி நின்றதாம். பெக்கான் மரம் துண்டு துண்டாகக் கிடந்ததாம்.

"உன் பிள்ளைகள் எங்கே?" என்று கேட்டார்.

"நான் வாங்கவில்லை டோரிஸ். வாங்கியவர் வேறு."

"யார்?"

எனக்குத் தெரியவில்லை. சத்தியமாகத் தெரியவில்லை. கோப்பைப் புரட்டினேன், பாதிப் பெயரும் பாதி எண்ணுமாக ஒரு கம்பெனி. அதைப் படித்துச் சொன்னேன். "நான் உன்னிடம் விற்றேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அன்றைக்கு மத்தியானம் காரில் உட்கார்ந்து, தம்பி அனுப்பிய மூன்று பக்கத்தை முதல் தடவையாக முழுசாக வாசித்தேன். இரண்டாம் பக்கம் அடியில், எந்த ஊர்ப் பத்திரத்திலும் வருவது போல, வில்லங்கம் இல்லை, அடமானம் இல்லை என்று ஒரு நீளமான வரி. அந்த வரியின் வாலில் இருந்தது: 'மேற்படி சொத்தில் வேறு எவருக்கும் வழிநடைப் பாத்தியம் உள்பட எவ்வித பாத்தியமும் இல்லையென உறுதி கூறுகிறேன்.' அதாவது சித்தியின் பாதை இல்லை என்று அப்பா சொந்தக் கையால் எழுதிக் கொடுக்க வேண்டும். அதைத்தான் நான் ஒரு கையில் தோசைக் கரண்டியோடு, பாதகம் ஒண்ணுமில்லலே என்று சொல்லியிருக்கிறேன். அப்பா அந்த வரியை வாசித்திருக்கமாட்டார், கண் சரியாகத் தெரியாது. நாலு மாலும் நடந்தால் அந்தப் பாதையில் நின்று பேச்சியம்மா பெயரைச் சொல்லியாக வேண்டும் என்பது மட்டும் அவருக்குத் தெரியும்.

மறுநாள் காலையில் கனகராஜ் அண்ணாச்சியைக் கூப்பிட்டேன். அங்கே சாயங்காலம். இந்த நாட்டில் கற்றுக்கொண்ட சட்டப் பேச்சையெல்லாம் அடுக்கி வைத்துக்கொண்டுதான் ஆரம்பித்தேன். அவர் கோபப்படவே இல்லை.

"பாதைக்கு ஒரு வரி சேக்கணும் அண்ணாச்சி."

"அதுக்கென்னக்கா, தாராளமா சேக்கலாம். ஆனா நம்ம கையில இல்ல. கம்பெனியில இருந்து மாடல் குடுத்துருக்காவ. எல்லாக் காட்டுக்கும் இதே பேப்பர்தான். ஒரு வரி கூடக்கொறைய இருந்தா திருப்பி விட்டுருவாவ."

"அப்ப எங்க சித்தி எப்படிப் போவாவ, வருவாவ?"

"அவியளும் குடுத்துட்டா பாதையே வேண்டாமேக்கா."

"அப்பா கையெழுத்துப் போடமாட்டாவ. நான் போட விடமாட்டேன்."

"அவசரமில்லக்கா. பைய போடட்டும். ரோட்டடிக் காடு பதிஞ்சாச்சு, அது போதும் இப்பத்துக்கு."

"அய்யாத்துரை மாமாவா?"

"அவருதான். மொதல்ல அவரும் யோசிக்கத்தான் செஞ்சாரு. நான்தான் சொன்னேன், அமெரிக்காவுல பத்திர வேல பாக்குற நம்ம அக்காவே சரின்னு சொல்லிட்டாவன்னு. அன்னைக்குத் தம்பி கடையில நானும்தான இருந்தேன். போன ஸ்பீக்கர்ல போட்டுத்தான பேசினாவ. எல்லாரும் போடுறதுதான்னு நீங்க சொன்னதக் காதால கேட்டேம்லா."

அந்த மனிதர் என்னைக் குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. நன்றியோடு சொன்னார். அதுதான் தாங்கவில்லை. ப்ராண்டன் எனக்குக் கற்றுக் கொடுத்ததை நான் தம்பி கடைக்கு அனுப்பியிருக்கிறேன், அவர் அதை எடுத்துக்கொண்டு போய்த் தொழில் செய்திருக்கிறார். போனை வைத்துவிட்டுத் தம்பியை அழைத்து வாய்க்கு வந்தபடி ஏசினேன். "ஏலே, பக்கத்துல ஆள வச்சுக்கிட்டா ஸ்பீக்கர்ல போடுவ?" அவன் சும்மா இருப்பானா? "நீ சொன்னதுதானக்கா. ரகசியமா சொல்லணும்னா ரகசியமா சொல்லியிருக்கணும்" என்றான். அவன் சொன்னதிலும் தப்பில்லை, அதுவும் எரிச்சல்.

அய்யாத்துரை மாமாவுக்குப் போன் போட எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. பத்திரத்தை ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்கத்தான் போட்டேன், முடியாது என்று தெரிந்தும்.

"என்ன தாயி, சவுரியமா இருக்கியா?" என்று சந்தோஷமாகத்தான் ஆரம்பித்தார். விஷயத்தைச் சொன்னதும் குரல் இறங்கிவிட்டது. "நீ சொன்னேன்னாவ, அதான் போட்டேன். படிச்ச பிள்ள, அந்தத் தொழில்லயே இருக்க. எனக்கு என்ன வாசிக்கவா தெரியும்?"

"நாலு மால் நடந்தீயளா மாமா?"

"யாரு வந்தா நடக்க? பதியுததுக்கு மொத நாளு நான் மட்டும் ஒருக்கா நடந்துட்டு வந்தேன்."

"பாதையச் சொன்னீயளா?"

"சொன்னேன் தாயி. எல்லாம் சொன்னேன். கேக்கத்தான் ஆளு இல்ல."

அதற்குப் பிறகு என்ன பேசினேன் என்று நினைவில்லை. நான் சொன்னது தப்பு, யாரும் அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள் என்று ஊர் வாட்ஸ்அப் குழுவில் குரல் பதிவு போட்டேன். நாலைந்து பேர் கும்பிடு போட்டார்கள். ஒருவர் காலை வணக்கம் படம் போட்டார். தம்பி மட்டும் தனியாகக் கூப்பிட்டு, "எதுக்குக்கா இப்படி அசிங்கப்படுத்துத, நான் இங்கன கடை வச்சுப் பொழைக்கணுமா வேண்டாமா" என்றான்.

புரட்டாசியில் விதைப்புக்கு முன்னால் ரோட்டடிக் காட்டைச் சுற்றிக் கம்பிவேலி வந்துவிட்டது. சித்தி உளுந்து விதையோடு போய் நின்றபோது, வேலிக் கதவில் நின்ற காவல்காரருக்குத் தமிழ் தெரியவில்லை. அவர் ஏதோ கேட்டிருக்கிறார், தாளைக் காட்டச் சொல்லியிருப்பார் போல. சித்தி விதைப் பெட்டியைத் திறந்து காட்டியிருக்கிறார். உழுவதற்கு வந்த டிராக்டர் திரும்பிப் போய்விட்டது. எங்கள் காட்டை அப்பா விற்கவில்லை, ஆனால் எங்கள் காட்டுக்கும் இப்போது வழி கிடையாது. அப்பாவும் சித்தியும் தாலுகா ஆபீஸில் மனுக் கொடுத்திருக்கிறார்கள், அங்கே விசாரிப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். கம்பெனியின் கையில் இருக்கும் பதிந்த பத்திரத்தில் யாருக்கும் வழிநடைப் பாத்தியம் இல்லை என்று அய்யாத்துரை மாமாவின் கைரேகையோடு இருக்கிறது. கனகராஜ் அண்ணாச்சி ஒருமுறை சித்தி வீட்டுக்கு வந்து காப்பி குடித்துவிட்டு, குடுத்துருங்க, எதுக்கு இந்தப் பாடு என்று மரியாதையாகக் கேட்டுப் போயிருக்கிறார். அடுத்து எங்கள் அப்பாவிடமும் கேட்பார்.

நான் வேலையை விட்டுவிட்டேன் என்று இந்த இடத்தில் எழுதினால் உங்களுக்கு நிம்மதியாக இருக்கும். விடவில்லை. திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன். அந்தப் பதிலைச் சொல்வதை மட்டும் விட்டுவிட்டேன். யாராவது மூன்று சொல்லைத் தொட்டுக் கேட்டால், இவர் வாங்கமாட்டார், உங்களுக்கும் எனக்கும் தெரியாத ஒருவருக்கு விற்பார் என்று சொல்லிவிடுகிறேன். இரண்டு பேர் கையெழுத்துப் போடாமல் எழுந்துவிட்டார்கள். ப்ராண்டன் இப்போது என்னை எந்த வீட்டுக்கும் அழைத்துப் போவதில்லை, உள்ளே உட்கார்ந்து கட்டம் மட்டும் நிரப்பச் சொல்லிவிட்டார். அவர் மேல் கோபம் இருக்கிறது, கனகராஜ் மேல் இருக்கிறது, காலே இல்லாத அந்தக் கம்பெனி மேல் இருக்கிறது. ஆனால் யோசித்துப் பார்த்தால் ப்ராண்டன் பொய் சொல்லவில்லை, கனகராஜ் பொய் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. இத்தனை பேர் பொய்யே சொல்லாமல் ஒரு மனுஷியை அவள் காட்டுக்குப் போகவிடாமல் செய்துவிட்டோம். அதில் சித்தியையும் அந்தப் பாதையையும் பிறந்ததிலிருந்து தெரிந்தவள் நான் ஒருத்திதான். அந்தக் கோபம்தான் இப்போது வந்து உட்கார்ந்திருக்கிறது, என் மேல்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை, எனக்கே என்ன தோன்றியதோ, எங்கள் வீட்டு மனையின் நாலு மாலும் நடந்தேன். ஓரத்துக் கம்பத்திலிருந்து ஓரத்துக் கம்பத்துக்கு. பக்கத்து வீட்டுக்காரர் குழாயை விட்டுவிட்டு வேலிக்கு வந்தார். வேலியில் ஏதாவது தகராறா என்று கேட்டார். இல்லை, எல்லை நடக்கிறேன், நீங்களும் கூட நடக்க முடியுமா என்றேன். அவர் முகம் கவலையாகிவிட்டது. "சர்வே வரைபடம் என்னிடம் இருக்கிறது, வேண்டுமானால் அனுப்பிவைக்கிறேன்" என்றார். அனுப்பியும் வைத்துவிட்டார், ஐந்து நிமிஷத்தில். அதில் எல்லாம் சரியாக இருந்தது.

எங்கள் வீட்டுச் சுவரிலும் இந்தக் கோடையில் மயிரிழை போல ஒரு விரிசல் விழுந்திருக்கிறது. அதனால் நானும் அவரைப் போலவே ஒரு ரப்பர் குழாய் வாங்கிப் போட்டிருக்கிறேன். தண்ணீரைத் திறந்துவிட்டு நின்றபோது சித்தியிடமிருந்து போன் வந்தது. வேலி வந்த பிறகு சித்தி என்னோடு பேசுவது அதுதான் முதல் தடவை.

"வெதச்சிட்டியளா சித்தி?"

"ஒரு ஏக்கரு வெதச்சேன், கொத்திக் கொத்தி. ஓடைக்குள்ள எறங்கி வெதையத் தலையில வச்சுக் கொண்டுபோனேன். மிச்சம் சும்மா கெடக்கு."

"என்ன ஏசுங்க சித்தி. ஏசிட்டுப் பேசுங்க."

"ஒன்ன ஏசி என்ன செய்ய." அந்தப் பக்கம் மாட்டை ஓர் அதட்டு அதட்டிவிட்டுக் கேட்டார்: "பொங்கலுக்கு வாரியா?"

"வாரேன் சித்தி."

"வந்தா ஓடையச் சுத்தி வா. பழைய நெனப்புல நம்ம பாதையில வந்து நின்னுக்கிட்டு என்னக் கூப்பிடாத. எனக்குக் கேக்காது."

வைத்துவிட்டார். குழாயை மூட மறந்து எவ்வளவு நேரம் நின்றேனோ, சுவரடி முழுக்க ஊறிக் கரிசல் குழைந்துவிட்டது. நகரலாம் என்று காலைத் தூக்கினேன். கால் வந்துவிட்டது, செருப்பு வரவில்லை.